பதினொரு சேலைகளுக்குப் பில் இல்லை

முதலில் தகரப் பெட்டிதான் வாங்கினேன்.
நவம்பர் மழையில் அடிப்பக்கம் துருவேறி
தூதுவனின் வெள்ளை வேட்டியில்
பழுப்பாக ஒரு மாவட்டம்.
மாசிலன் பார்த்துவிட்டு
போர்க்களக் காட்சிக்கு வைத்துக்கொள் என்றார்.
எங்கள் நாடகத்தில் போர்க்களம் கிடையாது.

பிறகு பாரிமுனை.
அன்வர்தீன் பாய் தொண்ணூறு கிலோ மனிதர்,
பிளாஸ்டிக் பெட்டியின் மேல் ஏறி நின்று காட்டினார்.
"உடையாது தம்பி. காத்துகூடப் போவாது."
காற்று போகாததுதான் வினையாயிற்று.
ஹெப்சிபா வியர்த்து அவிழ்த்த பட்டை
அன்றிரவே மடித்து வைத்து மூடியை அழுத்தினேன்.
மூன்று வாரம் கழித்துத் திறந்தால்
அரசியின் அக்குளில்
பச்சையாகத் தோட்டம்.

அதிலிருந்து நான் துளை போடுகிறவன்.
பழுக்கக் காய்ச்சிய கம்பியால்
மூடிக்குக் கீழே பக்கத்துக்கு மூன்று,
உள்ளே கொசுவலைத் துண்டு ஒட்டி.
உடுத்தியதை ஒரு நாள் கொடியில் உலர்த்தாமல் மடிப்பதில்லை.
ஜரிகை உள்பக்கம், பழைய வேட்டி வெளிப்பக்கம்,
அந்துருண்டை தனியாகத் துணிமுடிச்சில்.

கிரீடத்துக்கு எதுவும் பொருந்தவில்லை.
காகிதக் கூழ், மேலே தங்க பெயின்ட்.
கவிழ்த்தால் முகடு நசுங்கும்,
நிமிர்த்தினால் மூடி மூடாது.
கடைசியில் காசிமேட்டில்
மீன் ஏற்றுகிற தெர்மாகோல் பெட்டி.
எலுமிச்சை, சோடா உப்பு, மூன்று நாள் வெயில்
எல்லாம் காட்டினேன்.
இன்றும் அரியணைக் காட்சியில்
முன்வரிசைக்கு லேசாக வஞ்சிரம் வரும்.
அரசன் என்றிருந்தால்
ஏதாவது நாறத்தானே செய்யும்.

வெட்டுண்ட தலைக்கு
உள்ளே இருப்பது தெரிகிற டப்பா ஆகாது.
இது அயனாவரம் சிக்னலில்
ஒரு ஸ்கூட்டிப் பெண் அலறியதில் கற்றது.

பெட்டிக்கு அடங்காதவை கண்ணாடி வளையல்கள்.
ஏழு.
அரசி அவற்றைக் கழற்றி வைக்கிற ஓசையில்தான்
இரண்டாம் அங்கம் முடிய வேண்டும்.
பஞ்சில் வைத்தேன். முட்டை அட்டையில் வைத்தேன்.
பொரியில் புதைத்தேன், எறும்பு வந்தது.
வியாசர்பாடி தாண்டுவதற்குள் எப்படியும் ஒன்று போய்விடும்.
அதனால் வண்டி கிளம்பும்போது
சோப்பு நுரை தடவி
என் இடது கையில் ஏற்றிக்கொள்வேன்.

தேர்தல் மாதம்.
மத்திய கைலாஷ் தாண்டிப் பறக்கும் படை.
குப்புராஜ் குட்டியானையை ஓரம் கட்டினார்.
முதல் பெட்டியில் ஒரே நிறத்தில் பதினொரு சேலை.
"யாருக்குக் குடுக்க?"
"கோரஸுக்கு சார்."
"அது எந்த வார்டு?"

இரண்டாவதில் தகரத்தில் வெட்டிய பொற்காசு முந்நூறு.
கான்ஸ்டபிள் ஒன்றைக் கடித்துப் பார்த்தார்.
மூன்றாவதில் தலை.
வீடியோ எடுக்கிற பையன் இரண்டடி பின்வாங்கினான்.
அதிகாரி அதன் காதைப் பிடித்துத் திருப்பி
கழுத்துக்குள் எட்டிப் பார்த்து
இருந்தபடியே வைத்தார்,
முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

கையெழுத்துக்காக நான் பக்கத்தை அழுத்திப் பிடித்தபோதுதான்
ஏழு வளையலும் சரிந்து குலுங்கின.
அவர் நிமிர்ந்தார்.
"இது என்ன?"
"அரசியோடது சார். பெட்டில வச்சா உடையும்."
கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்.
காட்டினேன்.
பையன் கிட்ட வந்து எடுத்துக்கொண்டான்.

வளையலை விட்டார்கள், தலையை விட்டார்கள்.
சேலையைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டார்கள்.
அன்று கோரஸ் சுடிதாரில் அழுதது.
ரசீதில் எழுதியிருந்தது:
சேலை பதினொன்று,
ஓட்டைப் பெட்டி ஒன்று, சேதமடைந்தது.

சேதமில்லை சார், பன்னிரண்டு துளை,
நான் போட்டதுதான் என்றேன்.
அவர் அடுத்த வண்டிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.
எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன்.
குடோனில்.
எண்ணிக்கை முடிகிற வரைக்கும்.

சுவர் ஓரமா வேண்டாம் சார், என்றேன்,
அங்கே காத்து போகுமா?