உப்புப் பார்த்தல்

மாதத்தின் முதல் ஞாயிறு, விடிகாலை ஐந்தரை.
டத்தோ கெராமாட் ரோட்டின் பின்சந்தில்
நானூறு பேர் கல்யாணத்துக்கு
வெங்காயம் நறுக்குகிறேன்.
நேற்று இரவு எட்டு மணிக்குக் குடித்த தண்ணீர்தான் கடைசி.
அதன்பின் கட்டிலோரம் மண்டியிட்டு
ஒரே ஒரு பெயரைச் சொல்லி
எழுந்தேன்.

அண்டாவில் சாம்பார் புரள்கிறது.
கரண்டி தானாக உதட்டுக்கு வருகிறது.
பதினோரு வருடப் பழக்கம்,
காதைத் திருகிக் கீழே இறக்குகிறேன்.

"ஸுல்பிகா, உப்புப் பாரேன்."
உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கி,
கண்ணை மூடி,
"கால் கைப்பிடி போடு" என்கிறாள்.
நோன்பு மாதத்தில் இதே கை என் பக்கம் நீளும்:
"அக்கா, நீ பாரு."
முப்பது நாள் அவளுக்கு நான் நாக்கு.
பன்னிரண்டு ஞாயிறு எனக்கு அவள்.
கணக்குப் பார்த்தால் அவள்தான் கடன்காரி.

"பசியாறியாச்சா?"
முதலாளி கேட்கிறார்.
இந்த ஊரில் இதுதான் வணக்கம்.
இல்லை என்றால் தட்டு வரும்,
ஆச்சு என்றால் பொய்.
"ராத்திரிக்குண்ணே."
"தேயும் குடிக்கமாட்டே, கோப்பியும் ஆகாது,
இன்னைக்குத் தண்ணியுமா?
என்ன சாமிம்மா உன் சாமி?"
வெங்காயம் கண்ணில் இருந்தது.
தப்பித்தேன்.

சொல்லியிருக்கலாம்.
பிறையில் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை
கதவடைத்த வருடம்
நான் பட்டினி கிடந்தது செவ்வாயில், வியாழனில்,
பள்ளி திறந்த வாரம் முழுக்க.
பிள்ளைகள் வழித்த தட்டைக் கழுவி வைத்துவிட்டு
"அப்பவே சாப்பிட்டுட்டேன்" என்பேன்.
அதற்கு உபவாசம் என்று
யாரும் பெயர் வைக்கவில்லை.

ஒரு மாலை கிளைத் தலைவர் சகோதரர் இங்,
லிஃப்ட் பழுதான பிளாட்டில்
ஒன்பது மாடி ஏறி வந்தார்.
தோளில் பத்துக் கிலோ அரிசி,
சட்டைப்பையில் வாடகை கட்டிய ரசீது.
யார் கொடுத்தது என்றேன்.
மூச்சு வாங்க, கதவைப் பிடித்துக்கொண்டு,
மலாயில் சொன்னார்:
சாப்பிடாதவங்க.

அன்றிரவு நான் தின்றது
யாரோ தின்னாத மதியச் சோறு.
யாருடையது?
மருத்துவமனையில் தரை துடைக்கும் மரிசெலா?
எப்போதும் பசிக்கிற அந்தப் பாலிடெக்னிக் பையனா?
இன்றைக்கும் கூட்டத்தில்
முகம் முகமாகப் பார்க்கிறேன்.
ஒருவரும் காட்டிக்கொடுப்பதில்லை.

இரண்டு மணிக்கு மாடி அறை.
ஒரு விரல்நுனி ரொட்டி,
கட்டைவிரல் உயரக் காகிதக் கோப்பையில் தண்ணீர்.
தொண்டை அதற்குள் ஒரு ஆற்றைத் தேடியது.
சாட்சி சொல்ல எழுந்தேன்.
நான் வாயைத் திறக்குமுன்
ஒலிவாங்கியில் என் வயிறு பேசிற்று.
முன்வரிசைச் சிறுவன் சிரித்தான்.
நானும்தான்.
மனப்பாடம் செய்துவந்த பெரிய வார்த்தைகள்
அதோடு போயின.
"பசிக்குது. தெரிஞ்சேதான் பசிக்குது" என்று மட்டும் சொல்லி
உட்கார்ந்தேன்.

பிறகு உறை.
தவிர்த்த இரண்டு வேளையின் காசை
அதில் போடவேண்டும்.
வேலையிடத்தில் எனக்குச் சோறு இலவசம்.
இலவசச் சோற்றைத் தின்னாமல் விட்டால்
என்ன விலை?
கல்யாணத் தட்டு பதினெட்டு வெள்ளி என்று
முதலாளி போனில் பேரம் பேசியது காதில் இருந்தது.
முப்பத்தாறு என்று எழுதினேன்.
கை கொஞ்சம் தயங்கிற்று,
பேனா தயங்கவில்லை.

இரவு எட்டு.
ஸுல்பிகா கட்டிக்கொடுத்த தூக்கைத் திறக்கிறேன்.
சாம்பார் ஆறிக் கிடக்கிறது.
முதல் கவளம்.
கண்ணை மூடிக்கொள்கிறேன், அவளைப் போல.
உப்பு ஒரு கல் கூடுதல்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பெரியாஸ்பத்திரியில்
மார்புக் கட்டியின் முடிவு சொல்வார்கள்.
நேற்று நான் சொன்னது யார் பெயர் என்று
அவளுக்குத் தெரியாது.
உப்பைப் பற்றியும் சொல்லமாட்டேன்.