நூற்றைம்பது நிமிடம்

சுற்றறிக்கை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.
வாரத்துக்கு நூற்றைம்பது நிமிடம் நடை.
நடக்கையில் பேச்சு வர வேண்டும்,
பாட மூச்சு மிஞ்சக் கூடாது,
அதுதான் வேகத்துக்கு அளவாம்.
எங்கோ பனி பெய்யும் ஊர்களில்
ஆயிரம் ஆயிரம் பேரை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து
எண்ணிக் கண்டது.
நம்பினேன்.
இன்றைக்கும் நம்புகிறேன்.

முதலில் களிமண்குண்டு.
கடலிலிருந்து அப்போதுதான் ஏறியிருந்தாள் பூரணவல்லி,
விரல்களில் சுற்றிய துணி இன்னும் அவிழவில்லை.
காலையிலிருந்து முக்குளித்துப் பாறையில் பாசி பிய்த்தவள்
என் படிவத்தை எட்டிப் பார்த்தாள்:
நடை, ஓட்டம், சைக்கிள், இதர.
"என்னைய எதுல போடுவீக?"
இதர என்று எழுதினேன்.
மை உப்பீரத்தில் ஊறிப் பரந்தது.
அவளிடம் நடக்கச் சொல்லவில்லை.
முட்டிக்கு மாத்திரை கொடுத்து
நிழலில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

பெரியபட்டினத்தில் சர்க்கரைப் பட்டியல்
இரண்டு பக்கம்.
முத்து ஜொஹரா லாத்தா, இருநூற்று எண்பத்தாறு.
"நடங்க லாத்தா."
"எங்கே?"

அந்த ஒரு சொல்லுக்கு
சுற்றறிக்கையில் பதில் இல்லை.
பகலில் வெயில்.
சாயங்காலம் கச்சான் காற்று
கண்ணுக்குள் மணலைக் கொட்டும்.
தெருமுனையில் ஆண்கள், பெட்டிக்கடை, கேரம் போர்டு.
ரோட்டில் மீன் லாரி. அதன் பின்னால் நாய்கள்.
கடற்கரைக்குப் போனால்
"யார் வீட்டுப் பிள்ளை" என்று
மூன்று பேராவது கேட்பார்கள்.
அவளுக்கு ஐம்பத்தி நாலு வயது.

அதற்குப் பிறகு நான் சர்க்கரையைப் பற்றிப் பேசவில்லை.
சாவியைப் பற்றிப் பேசினேன்.
பள்ளிக்கூட மைதானத்துக்கு ஆளுயரச் சுவர்,
ஐந்து மணிக்குப் பூட்டு,
சாவி காவலாளி கருமலையானின் அரைஞாண் கயிற்றில்.
தலைமையாசிரியர், ஜமாஅத், ஊராட்சி,
மறுபடியும் தலைமையாசிரியர்.
ஏழு வாரம். நாலு கையெழுத்து.
கருமலையானுக்குக் கையெழுத்து தேவைப்படவில்லை.
"லைட்டு இல்லாம பொம்பளையாள்கள உள்ள விட மாட்டேன்,
பாம்பு கெடக்கு" என்றான்.
பல்பு வாங்கினோம்.

இஷா தொழுகை முடிந்து முதல் இரவு மூன்று பேர்.
செருப்பைக் கோல்கம்பத்தடியில் விட்டுவிட்டுச் சுற்றினார்கள்.
மூன்றாவது சுற்றில் ஜொஹரா லாத்தா
எதையோ முணுமுணுத்தாள், பிறகு வாய்விட்டே பாடினாள்,
சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்:
"பாட வருதே நர்ஸம்மா!"
"அப்படின்னா இன்னும் வேகம்!"
பாட்டு நின்றது.
மூச்சும் கொலுசும் மட்டும் வந்தன.

பதினோராம் நாள் இருபத்தேழு பேர்.
மாவட்ட அலுவலகத்திலிருந்து கேட்டார்கள்:
என்ன திட்டம், யார் வல்லுநர், என்ன உபகரணம்?
எழுதினேன்: சாவி ஒன்று. பல்பு ஒன்று.
விவரம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஐப்பசியில் அளந்தபோது இருநூற்று நாற்பத்தொன்று.
ஒரு நாற்பத்தைந்து குறைந்திருந்தது.
லாத்தா காகிதத்தை இரண்டாய் மடித்து
பர்ஸில் வைத்துக்கொண்டாள்.
பூரணவல்லியின் முட்டி அப்படியேதான் இருக்கிறது.
அவள் கட்டத்துக்குப் புதுப் பெயர் கேட்டு எழுதியிருக்கிறேன்,
பதில் இல்லை.

பிறகு மழை. மைதானம் கண்மாயானது.
மூன்று வாரம் யாரும் வரவில்லை.
விட்டுப்போகும் பழக்கம் திரும்பாது என்றுதான்
படித்ததெல்லாம் சொன்னது.
நேற்று ராத்திரி ஒன்பது மணிக்குப் போன்.
கருமலையான்.
"தண்ணி வடிஞ்சிருச்சும்மா.
கோல்கம்பத்துப் பக்கம் மட்டும் கொஞ்சம் சகதி.
சொல்லிருங்க."