துறைமுகக் காட்சியில் மழை

நான்காம் முறையாக
அதே படத்தை வாங்கியிருக்கிறேன்.
கூரியர்காரன் கையெழுத்துக்குக் காத்து நிற்க
பெட்டியைக் காதருகே வைத்து உலுக்கினேன்,
உள்ளே வட்டு கழன்று ஆடுகிறதா என்று.
ஆடவில்லை.
திரியெஸ்தெயில் அன்று ஆடியதெல்லாம்
போரா காற்றில் எங்கள் மாடிக் கதவுதான்.

முதலில் இருந்தது ஒரு ஒளிநாடா.
எண்பத்தேழில் நள்ளிரவுக்கு மேல் டிவியில் போட்டதை
நானே பதிவு செய்தேன்.
நடுவே ஒரு சலவைத்தூள்காரி
பாதி வெட்டுப்பட்டுச் சிரிப்பாள்.
அப்புறம் டிவிடி: முகங்களெல்லாம் மெழுகு.
அப்புறம் ஜப்பானிலிருந்து ஒரு ப்ளூ-ரே.
சுங்கத்தில் பதினொரு நாள் கிடந்து வந்தது.
அதில் கடலுக்கும் காமாலை.

மூன்றும் ஒரே தேய்ந்த பிரதியின் பிள்ளைகள்.
மூன்றிலும் மழை பெய்தது.

கப்பல் கிளம்பும் காட்சி.
பச்சைக் கோட்டுப் பெண் துறையில் நிற்கிறாள்,
அவள் மேல் மெல்லிய கோடு கோடாய்.

"மழையே இல்லை" என்றாள் நிவெஸ்.
"ஒருத்தர் கையிலாவது குடை இருக்கிறதா?
அந்த நாயைப் பார், நிழல் விழுகிறது."
தூறல் என்றேன்.
வெயிலோடு பெய்கிற தூறல் என்றேன்.
நான் பிடித்த முயலுக்கு
மூன்று வீடு மாறியும் மூன்றே கால்.
கீழ்வீட்டு எஜிதியோவை
நடுவராக அழைத்துவந்து உட்காரவைத்தோம்.
இரண்டு கிளாஸ் குடித்து முடித்து,
"இதில் யாருக்கு யாரோடு கல்யாணம்?" என்றார்.

பல் செட் செய்வது என் தொழில்.
அரை மில்லிமீட்டர் பிசகினால் விரலே சொல்லிவிடும்.
அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான்
படச்சுருளின் கீறலை
மழை என்று இருபது வருடம் பார்த்திருக்கிறேன்.

நிவெஸ் போனது மழையால் அல்ல.
எதனால் என்று கேட்டால்
சட்டென எடுத்துக் காட்ட
என்னிடம் வேறொன்றும் இல்லை.
காப்பிப் பாத்திரம் அவளுக்கு,
அலமாரி எனக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

இன்று இந்தப் புதுப் பதிப்பு.
மூல நெகட்டிவைத் தேடி எடுத்து
சட்டகம் சட்டகமாகக் கழுவியிருக்கிறார்களாம்.
பிளாஸ்டிக் உறையை நகத்தால் கிழித்தேன்.
நேரே துறைமுகத்துக்குப் போனேன்.

வெயில்.
கருங்கல் தரை காய்ந்து கிடக்கிறது.
நாய்க்கு நிழல், கயிற்றுச் சுருளுக்கு நிழல்,
அவள் மூக்குக்குக் கீழே ஒரு சின்ன நிழல்.
அழுகிறாள் என்று நான் நம்பியது
கண் கூச்சம்.

தொலைபேசி எண் விரலுக்கு மறக்கவில்லை.
"மழை இல்லை, நிவெஸ்."
"எங்கே?"
"படத்தில். கப்பல் போகுமே, அதில்."
அந்தப் பக்கம் ஏதோ கொதிக்கும் சத்தம்.
"எந்தப் படம்?"
பச்சைக் கோட்டைச் சொன்னேன். நாயைச் சொன்னேன்.
"நாயா" என்றாள்,
என் மனம் நோகாத குரலில்.
பிறகு, "போரா அடிக்கிறது,
சமையலறை ஜன்னலைச் சாத்தினாயா?"
சாத்திவிட்டேன் என்றேன்.
அப்புறம் போய்ச் சாத்தினேன்.

வழக்குக்கு எதிராளி இல்லை.
தோற்றவன் மட்டும் ரிமோட்டோடு இருக்கிறேன்.

திரும்ப ஓட்டினேன்.
இப்போதுதான் தெரிகிறது,
அவள் கோட்டில் மூன்றாவது பொத்தான்
ஒற்றை நூலில் தொங்குகிறது.
காற்று தூக்குகிறது, விடுகிறது.
விழுந்துவிடும் என்று மூச்சைப் பிடித்திருக்கும்போதே
காட்சி மாறி,
ரயில் பெட்டிக்குள் அதே கோட்டு,
அதே பொத்தான்
இறுகத் தைத்து.

இரண்டு காட்சிகளுக்கு நடுவே
யாரோ ஊசி எடுத்திருக்கிறார்கள்.

உறையோடு வந்த சிறுநூலை எழுத்துக்கூட்டித் தேடினேன்.
வண்ணம் சரிசெய்தவர், ஒலி துலக்கியவர்,
துணைத் தலைப்பு எழுதியவர் வரைக்கும் இருக்கிறது.
அந்த ஊசிக்குப் பெயர் இல்லை.

நூலின் நிறம்
பச்சையும் அல்ல.
கைக்குக் கிடைத்த கறுப்பு.