இடது மூலை

பகலில் கீழமாசி வீதி வெங்காய மண்டியில் கணக்கெழுதுகிறேன்.
ராத்திரி செல்லூரில் கபடி நடந்தால்
அதே பேனா, வேறு நோட்டு.
பாடிப் போனது எத்தனை, தொட்டது எத்தனை,
வெறுங்கையோடு திரும்பியது எத்தனை;
யாரும் கேட்காமலே
கட்டம் போட்டு வைத்திருந்தேன்.

ஒருநாள் கமிட்டியில் கேட்டுவிட்டார்கள்.
மைக்கைப் பிடித்துச் சொன்னேன்:
"தெய்வேந்திரன், வெற்றி விகிதம்
முப்பத்தெட்டு புள்ளி ஏழு சதவீதம்."
பருத்திப்பால் வண்டிப் பக்கம் கூட்டம் நகர்ந்தது.
முன்வரிசைப் பொடியன் ஒருத்தன் மட்டும்
"அது பாஸா, ஃபெயிலா?" என்று கத்தினான்.
"முப்பத்தஞ்சுக்கு மேல. பாஸு!"
விசில் பறந்தது.

அதற்கப்புறம்
புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களை
வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறேன்.
சராசரியையும் சொல்வதில்லை.
நாற்பது கிலோவில் ஒரு மூட்டை, அறுபதில் ஒரு மூட்டை;
ஆளுக்கு ஐம்பது என்று எழுதினால்
அறுபதைச் சுமந்தவன் என்னை ஒரு பார்வை பார்ப்பான்.

இறுதி ஆட்டம். உசிலம்பட்டி அணி.
பாதி நேரம் முடிந்தபோது
இடது மூலை மாயழகின் கட்டத்தில்
ஒரு பாயிண்ட்டும் இல்லை.
"தண்டமா நிக்கிறான்" என்றது கூட்டம்.
நான் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
பாடி வந்தது பத்தொன்பது முறை.
அந்த மூலைக்கு இரண்டே முறை.
அந்த இரண்டும் வெறுங்கை.

மைக்கை வாங்கினேன்:
"மழை பெஞ்சா கர்டர் பாலத்தடியில யாராச்சும் போவீங்களா?
சுத்தித்தானே போறீங்க?
மாயழகு அந்தப் பாலத்தடி மாதிரி.
பத்தொன்பதுல பதினேழு பேர் சுத்திப் போயிட்டாய்ங்க!"

கைத்தட்டல் அடங்க நேரமானது.
என் நாலு வருசக் கணக்கும்
அந்த ஒரு நிமிசத்தில் எல்லாருக்கும் புரிந்தது.
எல்லாருக்கும் என்றால்,
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த உசிலம்பட்டிக்கும்.

இரண்டாம் பாதியில் அந்த மூலைக்கு வந்தார்கள்.
ஒருவர் பின் ஒருவராய், ஒன்பது முறை,
பாலத்தடியின் ஆழம் பார்க்க.
ஐந்து பேரைக் கணுக்காலோடு அமுக்கினான்.
மூன்று பேர் எதுவும் கிடைக்காமல் ஓடினார்கள்.
இருபத்தேழுக்கு இருபத்தேழு என்று நிற்கையில்
கடைசியாய் வந்தவன்
அவன் தோளை விரல் நுனியால் தொட்டுவிட்டுப் போனான்.

பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.
முழங்காலில் ஐஸ் துணியோடு வந்து
நோட்டைக் கேட்டான் மாயழகு.
"எத்தனை புடிச்சேன்?"
"ஒன்பதுக்கு அஞ்சு."
சதவீதம் நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

சிரித்தான்.
"நம்ம பக்கம் வரமாட்டாய்ங்கன்னு சொல்லியே
வர வச்சுட்டீங்களேண்ணே."

அவன் பெயருக்கு நேரே ஐந்து எழுதினேன்.
அந்தக் கடைசி ஒன்றுக்குப் பேனா நின்றுவிட்டது.
எத்தனையோ கட்டம் போட்ட நோட்டில்
என் பெயருக்கு ஒரு கட்டம் இல்லை.