ஓடும்போது எழுபத்தைந்து

கையேட்டின் இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில்
எறும்பெழுத்தில் இருந்தது:
கூரையின் மேல் எழுபத்தைந்து கிலோ.
குறுக்குச் சட்டங்களும் அதற்குள்ளே அடக்கம்.

கூடாரம் வித்தவன் முந்நூறு எண்டானே
என்றார் குகதாசன்.

முந்நூறுதான்.
நிற்கும்போது.

சட்பரியில் யூலை மாதத்து வெள்ளி.
இரவு எட்டு மணிக்கும் வெயில் இறங்க மனமில்லாமல்
கராஜ் கதவில் சாய்ந்து நின்றது.
குளியலறைத் தராசைக் கொண்டுவந்து வாசலில் வைத்து
அவரை ஏற்றி நிறுத்தேன்: எண்பத்து மூன்று.
ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறச் சொன்னேன்: எண்பத்தொன்பது.
அவரைக் கழித்தேன்.
மிஞ்சியது ஏணி.
கலியாணமாகிப் பதினாறு வருடத்தில்
இத்தனை சுத்தமாய் அவரை நான் கழித்ததில்லை.

கூடாரப் பெட்டியில் எடை இறாத்தலில் இருந்தது.
இரண்டு தசம் இரண்டால் வகுத்தேன்.
கூடாரம் ஐம்பத்தாறு, சட்டங்கள் ஏழு, ஏணி ஆறு.
மிச்சம், ஆறே ஆறு கிலோ.

அந்த ஆறுக்குள்
இருபது லீற்றர் தண்ணீர்க் கலனைச் செருகிவிடலாமா என்று
அவர் கூரையைப் பார்த்தார்.
நான் அவரைப் பார்த்தேன்.
கலன் பின் இருக்கைக்குப் போனது.
ஆள் ஏறிவிட்டதென்று நினைத்துக் கார் கத்தியது.
பெல்ட் போட்டுவிட்டதும் அடங்கியது.

காலடியில் அரை டன் மின்கலம்.
இந்த ஊர்ச் சுரங்கத்து நிக்கல்கூட
ஒரு பிடி அதற்குள் இருக்கலாம்.
அத்தனையையும் வாய் திறவாமல் சுமக்கிற வண்டி
தலையில் ஒரு மூட்டை வைத்தால் மட்டும்
கணக்குக் கேட்கிறது.
கேட்கத்தான் வேண்டும்.
வளைவில் திரும்புகையில்
உச்சியில் இருப்பதெல்லாம்
நேரே போகத்தான் பார்க்கும்.
மெதுவாப் போவன் என்றார்.
எஸ்பனோலா வரைக்கும் போனார்.

எதிர்க்காற்று கூடாரத்தின் மூக்கில் முட்டி முட்டி
திரையில் கிலோமீற்றர்களைக் கொறித்தது.
ஓடியது நூறு, குறைந்தது நூற்று முப்பது.
ஏசியை நிறுத்தினோம். பாட்டை நிறுத்தவில்லை.

லிற்றில் கரண்டில்
பாய்மரப் படகு ஒன்றுக்காகப்
பாலம் பக்கவாட்டில் விலகி நின்றது.
வாகனங்கள் வரிசையாய் நின்றன.
நாங்களும் நின்றோம்.
ஸ்ரியரிங்கிலிருந்து கையை எடுத்து
இப்ப முந்நூறு என்றார்.

அன்றிரவு ஏரிக்கரையில்
கூரைமேல் படுத்தோம்:
எண்பத்து மூன்றும்
நான் எவருக்கும் சொல்லாத ஓர் எண்ணும்.
அவர் புரண்டு படுத்தார்.
வண்டி லேசாய் ஆடியது.
இது நிற்பதில் சேர்த்தியா, ஓடுவதில் சேர்த்தியா என்று
கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தேன்.
கீழே பின் இருக்கையில்
பாதி குடித்த கலன்
பெல்ட்டோடு தூங்கியது.

விடிய,
துணி பனியில் ஊறிக் கனத்திருந்தது.
பனியின் எடை
கையேட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை.
தராசு சட்பரியில்.

காயட்டும் என்றார்,
நான் வாய் திறக்க முன்னமே.

ஏணியின் கடைசிப் படியில் அவர்,
மடக்குக் கதிரையில் நான்.
தேத்தண்ணி இரண்டு தரம்.
மகளின் பள்ளிக்கூடம்,
அவருடைய வேலையிடத்துப் புது மனேஜர்,
விற்போமா வேண்டாமா என்று
இரண்டு வருடமாய் இழுபடும் வீடு.
ஓடும்போது ஏற்ற முடியாத எல்லாவற்றையும்
ஒவ்வொன்றாய் மேலே வைத்தோம்.
ஒன்றும் நொறுங்கவில்லை.

பதினொரு மணிக்கு எழுந்துபோய்
துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.
இன்னும் கொஞ்சம் ஈரம் என்றார்.

நானும் போய்த் தொட்டேன்.
சுள்ளென்று காய்ந்திருந்தது.

ஓம், கொஞ்சம் என்றேன்.