தெளிக்காத பாத்தி

கல்லல் ரயில்வே கேட்டுக்கு மேற்கே
முக்கால் ஏக்கர் செவல்காட்டில்
கயிறு பிடித்து, குச்சி நட்டு
பன்னிரண்டு பாத்தியாகப் பிரித்தாள் தௌலத் நிஷா.
குத்தகை என்னுடையது.
குச்சியில் எழுதிய நம்பர் அவளுடையது.
நோட்டில் முதல் வரி:
பயிர் மக்காச்சோளம், விவசாயி ஏழைகாத்தாள்.

மூன்று பாத்திக்கு சிலிக்கான்,
மூன்றுக்கு வளர்ச்சி ஊக்கி,
மூன்றுக்கு ரெண்டும்.
மீதி மூன்று?
"வெறும் தண்ணிதான்க்கா."
"எதுக்கு?"
"ஒண்ணும் செய்யாட்டி என்ன ஆகும்னு தெரியணும்ல."

எனக்குத் தெரியும்.
போன புரட்டாசியில் தெரிந்தது.
நகையை வைத்து வாங்கிய விதை
கதிர் தள்ளும் முன்னே எச்சமாகிக் கிடந்தது.
குருத்தைப் பிரித்தால் உள்ளே இருப்பான்,
நெற்றியில் கவிழ்த்த கவட்டை,
வாலுக்கு மேலே தாயக்கட்டையாய் நாலு புள்ளி,
சுற்றிலும் ஈர மரத்தூள் மாதிரி
அவன் தின்ற கணக்கு.

சிலிக்கான் என்றால் மணல் வகைதான் என்றாள்.
தேனாற்று மணலையே லாரிக்காரன் விட்டுவைக்கவில்லை,
நீ எங்கிருந்து கொண்டுவந்தாய் என்றேன்.
சிரித்தாள்.
உமிச்சாம்பலிலும் இருக்கிறதாம்.
செடி அதைக் குடித்து
இலைத் தோலுக்குள்ளே கண்ணாடிச் சில்லாய்
கண்ணுக்குத் தெரியாமல் அடுக்கிக்கொள்ளுமாம்.
ஊக்கி தெளித்தால்
கடித்த இடத்தைப் பின்னால் விட்டுவிட்டு
குருத்து மேலே ஓடிவிடுமாம்.
"ஓடணும்க்கா. பாக்கத்தானே போறோம்."

வந்தவனுக்கு இலை போட்டு
போதும் போதும் என்று கையை மறைத்தாலும்
இன்னொரு கரண்டி சாய்க்கிற சீமை இது.
இங்கே வந்து
சோற்றில் கல் கலக்கச் சொல்லித் தருகிறாள்
செடிக்கு.

ஒருநாள் போனில் ஒரு படம் காட்டினாள்.
புழுவின் தாடை, ஆயிரம் மடங்கு பெரிதாக.
இடப்பக்கம் தண்ணீர்ப் பாத்திக்காரன்,
பல் ஒவ்வொன்றும் புது அரிவாள்.
வலப்பக்கம் சிலிக்கான் தின்றவன்,
மழுங்கி, முனை போய்,
ரேஷன் அரிசியில் கல் கடித்து நான் இழந்த
கடைவாய்ப் பல் மாதிரி.
ஒரு நொடி
அவனுக்காகத் தாடை வலித்தது எனக்கு.

ஆனால் ஏழாம் பாத்தி.
அது தண்ணீர்ப் பாத்தி, வரப்போரம்.
இருபதாம் நாள் இலையில் ஜன்னல் விழுந்தது:
பச்சையைச் சுரண்டி
வெள்ளைத் தோலை மட்டும் மிச்சம் வைத்திருந்தான்.
அதன் வழியே வெயில்.
வரப்பில் போனவர்கள்
மற்ற பதினொன்றையும் விட்டுவிட்டு
அதைப் பார்த்துத்தான் கேட்டார்கள்,
"ஏன் இப்படிப் போட்டுவச்சிருக்க?"

ஒன்று முதல் ஒன்பதுவரை மார்க்காம்.
ஒன்பது என்றால் செடி முடிந்தது.
அவள் எட்டு என்று எழுதியபோது
என் பிள்ளைக்குப் போட்ட மாதிரி இருந்தது.

அன்றைக்கு ராத்திரி
ரைஸ் மில்லில் வாங்கிய சாம்பலை
முந்தானையில் கட்டிக்கொண்டு போனேன்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
குருத்துக்கு ஒரு சிட்டிகை.
கடைசி ரயில் போனது.
அதற்குப் பிறகும் ரெண்டு வரிசை மிச்சமிருந்தது.

அடுத்த வாரம்
எட்டு, எட்டு என்று வந்தவள்
ஏழில் நின்றாள்.
இலைக்கணுவை விரலால் துடைத்தாள்.
விரலைப் பார்த்தாள், என் நகத்தைப் பார்த்தாள்.
"எத்தனை செடிக்குப் போட்டீங்க?"
"எல்லாத்துக்கும்."
பேனாவைத் திறந்து
ஏழாம் பாத்தியின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.
கோடு நேராக வரவில்லை.
"எங்க மேடத்துக்கு நான்தான் பதில் சொல்லணும்,"
வேறொன்றும் சொல்லவில்லை.
நான் கொடுத்த மோரைக் குடிக்காமல்
கல்லல் பஸ்ஸுக்கு நடந்தாள்.
மன்னிப்பு கேட்டிருக்க வேண்டும்.
மற்ற ரெண்டு தண்ணீர்ப் பாத்தியையும்
தொடவில்லை என்றாவது சொல்லியிருக்க வேண்டும்.

முடிவு தைக்கு அப்புறம் வருமாம்.
கணக்கில் இல்லாத ஏழு
அதுபாட்டுக்குக் கதிர் வைத்தது.
பால் பிடித்ததும் அதில் ஒன்று,
ரெண்டும் தெளித்த பாத்தியில் ஒன்று
ஒடித்து ஒரே சட்டியில் அவித்தேன்.
பல் போன பக்கமாகத் தள்ளி
மெதுவாக, மெதுவாகக் கடித்தேன்.
நாக்கு துழாவிக்கொண்டே இருந்தது.
ரெண்டிலும் மணல் தட்டவில்லை.