மா

சீனக்குடா மா ஆலையில் இரவு வேலை முடித்து
இமைமயிரும் வெள்ளையாய் வந்து சேர்வேன்.
கதவடியில் நின்றபடி சொல்வாய்:
மா.

என் சேட்டில் ஒட்டியிருக்கிற மாவாக இருக்கும்.
குசினியில் பிட்டு அவிக்கிற அம்மாவாக இருக்கும்.
பஸ் ஸ்டாண்டில் நேற்று நீ கட்டிப்பிடிக்கப் போன
அந்தக் கொம்பு முளைக்காத மானாக இருக்கும்.
பின்னேரம் தருவதாகச் சொன்ன மாம்பழத்தை
விடிய ஆறரைக்கே நினைவூட்டுகிறாயோ என்னவோ.

நாலு வயதும் ஐந்து மாதமும் உனக்கு.
கிளினிக் கொப்பியில் ரீச்சர் எழுதினா: சொற்கள், 1.
வீட்டுக்கு வந்து நான் அதை 4 ஆக்கினேன்.
உன் அம்மா அழிறப்பரால் அழித்துவிட்டுப்
பழையபடி 1 போட்டா.
'கள்ளக் கணக்குக் காட்டி
ஆரை ஏமாத்தப் போறியள்?'

உன் இரத்தம் கொழும்புக்குப் போய்த் திரும்பின பிறகு
டொக்டரும் எண்ணித்தான் சொன்னார்.
எல்லாருக்கும் இரண்டு இருக்கிற இடத்தில்
உனக்கு மூன்றாம்.
உள்ளங்கையில் குறுக்கே ஒரேயொரு ரேகை.
அங்கே ஒன்று கூட, இங்கே ஒன்று குறைய,
சரிக்குச் சரி என்றேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

இரண்டு வயதும் பத்து மாதமும் ஆனபோது
டச்சுபே மணலில் எழுந்து நின்றாய்.
ஆறு அடி நடந்தாய், பொத்தென்று இருந்தாய்,
ஒரு நண்டு வளைக்குள் பார்க்கத் தொடங்கினாய்.
சாம்பவி, இன்னும் ஒருக்கா, இன்னும் ஒருக்கா என்று
நாங்கள் இரண்டு பேரும் கத்த
நீ நண்டுக்காகக் காத்திருந்தாய்.
நண்டு வரவில்லை.
இருட்டும்வரை வீட்டுக்குப் போக விடவுமில்லை.

உதடு மூடத் தெரிந்தால் மா.
மூடின உதட்டை வெடிக்க விட்டால் பா.
ஒரு மூச்சுத்தான் வித்தியாசம் என்றா ரீச்சர்.
அந்த ஒரு மூச்சுக்குப் பதினொரு மாதம்.
உள்ளங்கையில் மாவைத் தூவி, ஊது என்கிறேன்.
நக்குகிறாய்.
கடதாசித் துண்டு, மெழுகுதிரி,
ஸ்ட்ரோவால் சவர்க்கார நுரை.
நுரையைக் குடித்துவிட்டாய்.
கண்ணாடி முன் நான் பா, பா, பா என்று வெடிக்க
பக்கத்து வீட்டு நளாயினி மதிலுக்கு மேலால் பார்க்கிறா,
இந்த மனிசனுக்கு என்ன வந்தது என்று.
சில நாள் கோபம் வரும்.
ஒருநாள் உன் தாடையைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.
நீயும் என் தாடையைப் பிடித்து
மெதுவாக உலுக்கினாய்,
அதுவும் பயிற்சி என்று நினைத்து.

போன செவ்வாய், கிளினிக்கால் வந்து
பஸ்ஸுக்கு நிற்கிறோம்.
பழத்தோலையும் சொப்பிங் பையையும் மேய்ந்துகொண்டு அதே மான்கள்.
ஒன்று உன் கையிலிருந்த பணிஸைக் கவ்வியது.
உதட்டை இறுக்கினாய். காது சிவந்தது.
போ!
மான் போகவில்லை. பணிஸ் போனது.
சுகிர்தா அந்தச் சனத்துக்குள் நின்றே
கொப்பியை எடுத்து 2 என்று எழுதினா.
கை நடுங்கி அது 3 மாதிரி வந்தது.
அழித்துத் திரும்ப எழுதினா.

அந்தச் சொல்லை நாங்கள் படிப்பிக்கவில்லை.
எங்கள் அட்டைகளில் பால் இருந்தது, பந்து, பூ, அப்பா.
போ இல்லை.
ஆர் சொல்லக் கேட்டாய்?
ஒழுங்கையில் பந்தடிக்கிற பெடியளா,
அடுத்த வருசம் பாப்பம் என்று
கேற்றைச் சாத்தின பாலர் பாடசாலையா?
எத்தனை தரம் கேட்டால்
ஒரு சொல் இவ்வளவு திருத்தமாக வரும்?

சுகிர்தாவிடம் நான் இதைக் கேட்கவில்லை.
அவ அந்த 2ஐ மட்டக்களப்பு மச்சாள் வரைக்கும்
போனில் சொல்லி முடிக்கட்டும்.

இப்ப பல் தீட்டப் போனால் போ.
கண்ணாடியை எடுத்தால் போ.
இரவு வேலைக்குச் சைக்கிளை உருட்டினால்
கை காட்டி, சிரித்து, போ.
சந்தி திரும்ப முன்னம் பின்னாலிருந்து கேட்கிறது:
மா.
எந்த மா என்று இறங்கிக் கேட்க நேரமில்லை.
பத்து மணிக்கு ஆலைச் சங்கு ஊதிவிடும்.